ஜென்கின்ஸ் ஏபிஐ: ஜாப் பட்டியல் வருது, பில்டு ஓட்டுனா மட்டும் 403

கேள்வி (கே.கே.நகர், மதுரை)
வணக்கம். ஜென்கின்ஸ் (கோடை ஆப்பாக் கட்டுற வேலையை, அதாவது பில்டைத் தானா செய்ற மென்பொருள்) சர்வரோட பேசுறதுக்குப் பைத்தான்ல நானே ஒரு குட்டி லைப்ரரி எழுதி வச்சிருக்கேன், 120 வரிதான். ஜாப் பட்டியல் எடுக்கும், பில்டு ஓட்டும், ரிசல்ட் சொல்லும். இத்தனை நாள் ஒழுங்கா ஓடுச்சு. போன வாரம் பழைய சர்வரை மாத்திப் புது எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள ஜென்கின்ஸ் பதிப்பு) போட்டோம். அதுல இருந்து பட்டியல் வருது, பில்டு ஓட்டச் சொன்னா 403 (அனுமதி இல்ல): "நோ வேலிட் க்ரம்ப்". ஆனா க்ரம்பை (போலிக் கோரிக்கையைத் தடுக்க சர்வர் தர்ற குறி) அனுப்பத்தான் செய்றேன். பிரின்ட் போட்டுப் பார்த்தா ஹெடர்ல நிக்குது. மாட்டுத்தாவணி பூ வியாபாரிகளுக்கான விலை ஆப் இதுலதான் பில்டு ஆகுது. நாளைக்கு முகூர்த்தம், மல்லி விலை மணிக்கு மணி மாறும். யாராவது பாருங்க.

பதில் 1
பாஸ்வேர்டா, டோக்கனா (பாஸ்வேர்டுக்குப் பதிலா நிரல் காட்டுற சாவி)? க்ரம்ப் எப்படி வாங்குறீங்க?

கேட்டவர்
பாஸ்வேர்டுதாண்ணே. பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியோட கெட்ல க்ரம்ப் வாங்கி, அடுத்த வரியில பில்டு ஓட்டச் சொல்லிப் போஸ்ட்.

பதில் 1
அங்கதான் தம்பி சிக்கல். 2019 ஜூலைல வந்த ஜென்கின்ஸ் 2.176.2 பதிப்புல இருந்து, க்ரம்ப் எந்த செஷன்ல (சர்வரோட ஒரு தொடர் பேச்சு) வாங்குனதோ அந்த செஷனுக்கு மட்டும்தான் செல்லும். நீங்க ரெண்டு தனித்தனி கால் போடுறீங்க. முதல் கால்ல வந்த குக்கி (செஷனோட அடையாளம்) ரெண்டாவதுக்குப் போகாது, சர்வருக்கு நீங்க புது ஆள். செஷன் ஆப்ஜெக்ட் ஒண்ணு உண்டாக்கி, ரெண்டையும் அது வழியா அனுப்புங்க, தீந்துரும்.

ஆனா நான் சொல்றது, பாஸ்வேர்டையே விட்ருங்க. உங்க யூசர் பக்கத்துல ஏபிஐ டோக்கன் எடுத்து, பாஸ்வேர்டு இருந்த இடத்துல வையுங்க. 2.96ல இருந்து டோக்கனோட வர்ற போஸ்ட்டுக்குக் க்ரம்பே தேவையில்ல. கோடு சேமிக்கிற கிட்ல மட்டும் டோக்கனை ஏத்திறாதீங்க. அந்த டோக்கன் யார் கையில இருக்கோ அவங்க நீங்கதான்.

பதில் 2
அடுத்த குழி பில்டு நம்பர். போஸ்ட் போட்ட கையோட லாஸ்ட்பில்டு கேட்டீங்கன்னா பழைய நம்பர்தான் வரும். வழக்கமா 5 நொடி காத்திருந்துதான் ஜென்கின்ஸ் ஆரம்பிக்கும். போஸ்ட்டுக்கு வர்ற 201 (ஏத்துக்கிட்டேன்) பதில்ல லொகேஷன் ஹெடர் பாருங்க, அது வரிசையில உங்க இடம். அந்த முகவரிக்குப் பின்னாடி ஏபிஐ/ஜேசன் சேர்த்துக் கேட்டுக்கிட்டே இருங்க. பில்டு கிளம்புனதும் எக்சிக்யூட்டபிள் உள்ள நம்பர் வரும். கேன்சல்ட் ட்ரூவான்னும் (வரிசையிலேயே ரத்தாயிருச்சான்னு) பாருங்க.

கேட்டவர்
டோக்கன் போட்டேன், 201 வந்துருச்சு! க்ரம்புக்காக எழுதுன 20 வரியும் போச்சு. பில்டு முடிஞ்சு பச்சை. சோதிக்க வரிசையில ஒண்ணைக் கேன்சல் பண்ணிப் பார்த்தேன், லூப் நிக்காமச் சுத்துச்சு. அதையும் சரி பண்ணிட்டேன். ரொம்ப நன்றிண்ணே, ரெண்டு பேருக்கும்.