ரெனார்: பறந்தது பெரிதா, கயிற்றைக் குறைத்தது பெரிதா?

கோத்தகிரி வயர்மேன்:
சார்ல்ஸ் ரெனார் என்றாலே எல்லோரும் 1884 ஆகஸ்ட் 9-ஐத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சு ராணுவப் பொறியாளரான அவர், ‘லா பிரான்ஸ்’ என்ற வான்கப்பலில் (மோட்டார் பூட்டி ஓட்டுகிற பெரிய பலூன்) சக ராணுவ அதிகாரி கிரெப்ஸோடு ஏறி 8 கிலோமீட்டர் சுற்றி, 23 நிமிடத்தில் புறப்பட்ட இடத்திலேயே இறங்கினார். எனக்கு அது இரண்டாம் பட்சம். ராணுவ பலூன்களைக் கட்ட 425 அளவுகளில் கயிறு இருந்தது. அதை 17 ஆக்கினாரே, அதுதான் சாதனை. எங்கள் டீ ஃபாக்டரி போர்டைத் திறந்தால் எம்சிபி, அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச், 10, 16, 25, 40, 63 ஆம்பியர் என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொரு படிக்கும் சுமார் 1.6 மடங்கு, ஐந்து படி ஏறினால் பத்து மடங்கு. கயிற்று அளவுகளை இப்படி ஒரே மடங்கில் ஏற்றி அவர் போட்ட கணக்கு அது.

குன்னூர் தம்பி:
அண்ணா, கணக்கை நான் குறை சொல்லவில்லை. ‘இரண்டாம் பட்சம்’ என்றதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. 1852-லேயே ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி எஞ்சின் பூட்டிய வான்கப்பலில் 27 கிலோமீட்டர் பறந்தார். ஆனால் காற்றை எதிர்த்துத் திரும்பி வர முடியவில்லை. போன இடத்திலிருந்து தன் விருப்பப்படி திரும்பி வந்த முதல் கப்பல் ரெனாருடையது.

லவ்டேல்காரன்:
எந்தக் காற்றில் திரும்பியது? அதன் வேகம் மணிக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர். ஆடி மாதம் எங்கள் மேட்டில் கற்பூர மரம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதில் ஏறச் சம்மதிப்பார்களா? மொத்தம் பறந்ததே ஏழு தடவை. திரும்பியது ஐந்து தடவை. அப்புறம், மோட்டார் கிரெப்ஸின் வேலை. அவர் பெயரை ஏன் பாதியில் விடுகிறீர்கள்?

குன்னூர் தம்பி:
கிரெப்ஸுக்குப் பாதிப் பெருமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பேட்டரி ரெனாருடையது. 8.5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 435 கிலோ பேட்டரி! அந்தச் சுமையோடு ஏழில் ஐந்து தடவை திரும்பியதை நான் குறைவாக நினைக்கவில்லை.

கோத்தகிரி வயர்மேன்:
சரி தம்பி, ‘இரண்டாம் பட்சம்’ என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கயிற்றுக் கணக்கே பலூனுக்காகப் போட்டதுதானே. ஆனாலும் ஒன்று: அவர் 1905-ல் இறந்தார். அந்த வரிசை ஐஎஸ்ஓ 3 என்று உலகத் தரமானது 1950-களில். அதை அவர் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

லவ்டேல்காரன்:
எண்கள் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். காற்று விஷயத்தில் இல்லை.