விட்னி கிடைக்கவில்லை, ஒய்ட் மவுண்டன் பீக் போகலாமா?

ஃப்ரீமாண்ட்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் மவுண்ட் விட்னி ஏறுவதற்கான பெர்மிட் குலுக்கலில் இந்த வருடமும் எங்கள் பெயர் வரவில்லை. ஆபீஸில் ஒருவர், "ஒய்ட் மவுண்டன் பீக் போங்க, பெர்மிட்டும் வேண்டாம், கூட்டமும் இருக்காது" என்றார். 14,252 அடி என்றதும் மனைவி யோசிக்கிறாள். நாங்கள் இருவர், பத்தாவது படிக்கும் பையன். ஆகஸ்ட் முதல் வாரம். எங்கள் ஊர் மலை மிஷன் பீக் அடிக்கடி ஏறுவோம். ஒரே நாளில் ஏறி இறங்க முடியுமா? சாதாரண கார் போகுமா?

மலைமுழுங்கி:
கால் பற்றிக் கவலை வேண்டாம் சார். உச்சிவரை பழைய ஜீப் பாதைதான், கையை ஊன்றி ஏறும் இடமே கிடையாது. கார் ரோடு முடிகிற பூட்டிய கேட்டிலிருந்து போக 7 மைல், வர 7 மைல். ஆனால் அந்த கேட்டே ஏறத்தாழ 11,700 அடியில் இருக்கிறது. மிஷன் பீக் உச்சி 2,500 அடிதான். அங்கே மூச்சு வாங்காதவருக்கும் இங்கே நாலு எட்டு வைத்தால் வாங்கும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம் போலத்தான்.

அதனால் முந்தின இரவு எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். கீழே பிஷப் ஊரில் ரூம் போட்டு விடிகாலையில் கிளம்புவதை நான் சொல்ல மாட்டேன், அது நாலாயிரம் அடி சொச்சம்தான். 8,600 அடியில் கிராண்ட்வியூ முகாம் இருக்கிறது, அங்கே கூடாரம் போடுங்கள். அங்கே தண்ணீர் கிடையாது, வழியிலும் நம்பக்கூடாது. நடைக்கு மட்டும் ஆளுக்கு 4 லிட்டர் வேண்டும். கீழே பிக் பைன் ஊரிலேயே தண்ணீர், பெட்ரோல் இரண்டையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வழியில் வரும் ஷுல்மன் தோப்புவரை தார் ரோடு. அதற்கப்புறம் 16 மைல் வெறும் கப்பி ரோடு, கல் ஒவ்வொன்றும் கத்தி. சாதாரண கார் போகும், மாட்டுவண்டி வேகத்தில். டிக்கியைத் திறந்து நிஜமான ஸ்பேர் டயர் இருக்கிறதா பாருங்கள். புதுக் கார்களில் பல சமயம் டயர் ஓட்டையை அடைக்கும் பசை டப்பாவும் பம்ப்பும்தான் இருக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை நிற்காது.

அஞ்சு மணிக்கு நடக்க ஆரம்பியுங்கள். 2 மைலில் பார்க்ராஃப்ட் ஆராய்ச்சி நிலையம். அதைத் தாண்டி மேடேறினால் உச்சி பளிச்சென்று தெரியும், இதோ வந்தாச்சு என்றிருக்கும். நம்பாதீர்கள். கடைசி ஏற்றத்துக்கு முன்னால் பாதை முந்நூறு அடி போலக் கீழே இறங்கும். திரும்பும்போது, கால் ஓய்ந்த நேரத்தில், அதையே ஏற வேண்டும். கிழவனும் குமரனும் ஒன்றாகத் திட்டுகிற இடம் அது. வழி நெடுக ஒரு மரம் கிடையாது. ஆகஸ்டில் மத்தியானம் இடிமேகம் திரளும். பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் சரி.

தயிர்சாதம்:
மலைமுழுங்கி அண்ணா சாப்பாட்டை விட்டுவிட்டார். அந்த உயரத்தில் பசியே எடுக்காது. கட்டிக்கொண்டு போன புளியோதரை அப்படியே திரும்பி வரும். கடலைமிட்டாய், உப்பு முந்திரி, நார்த்தங்காய் ஊறுகாய், இதெல்லாம் இறங்கும். பையைக் கீழே வைத்துவிட்டு நகராதீர்கள், மர்மோட் என்று ஒரு குண்டு அணில் ஜாதி சுற்றிக்கொண்டே இருக்கும்.

பையன் முன்னால் ஓடுவான், அவனைத்தான் பிடித்து வையுங்கள். லேசான தலைவலி சகஜம். தலைவலியோடு வாந்தி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ பேச்சே கிடையாது, உடனே கீழே இறங்க வேண்டும். உயரத்தால் வரும் இந்தக் கோளாறுக்கு மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் முன்னாடியே கேளுங்கள்.

பாலைக்காற்று:
கோடையில் ஏதோ ஒரு ஞாயிறு பார்க்ராஃப்ட் நிலையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். அன்றைக்கு கேட்டைத் தாண்டி நிலையம்வரை கார் போகும், போக வர மொத்தத்தில் 4 மைல் நடை குறையும். ஆனால் கூட்டம் வேண்டாமென்றுதானே இங்கே வருகிறீர்கள்? அந்த ஞாயிறை விசாரித்துத் தவிர்த்துவிடுங்கள்.

ஃப்ரீமாண்ட்வாசி:
எல்லோருக்கும் நன்றி. மனைவி உச்சி வேண்டாம் என்கிறாள். அவளுக்கு அங்கே பொழுது போகுமா? அப்புறம், டிக்கியில் பசை டப்பாதான். வாடகைக்கு எஸ்யூவி எடுக்கலாமா?

மலைமுழுங்கி:
பேட்ரியார்க் தோப்பில் விடுங்கள், கேட்டுக்குப் போகும் வழியில் பிரியும், 11,000 அடி. பிரிஸில்கோன் பைன் மரங்கள், பாதி செத்து ஒரு பட்டைக் கீற்றில் மட்டும் உயிரைப் பிடித்திருக்கும். 4,800 வயசு தாண்டிய மெத்தூசலா என்ற மரம் ஷுல்மன் தோப்புப் பக்கம், எது அந்த மரம் என்று பலகை வைக்கவில்லை. போன் சிக்னலை நம்ப வேண்டாம், எத்தனை மணிக்கு வந்து கூப்பிடுவீர்கள் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள் சார். மண்ரோட்டில் ஓட்டக்கூடாது என்று பெரும்பாலும் போட்டிருக்கும். தெரிந்தவர் யாரிடமாவது வண்டி மாற்றிக்கொள்வது உத்தமம்.