யூஎஸ்பி பாடத்துக்கு ‘ஹோஸ்ட்’: புரவலனா, வினவியா?

நண்பர்களே, வணக்கம்.

ஏடிடைனி85 என்ற சிறிய கட்டுப்பாட்டுச் சில்லுக்கு யூஎஸ்பி சேர்க்கும் பாடத்தைத் தமிழில் எழுதி நாளை இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். செருகப்படும் ‘டிவைஸ்’ தமிழில் கருவி ஆகிவிட்டது. அதை ஏற்கும் கணினியைக் குறிக்கும் ‘ஹோஸ்ட்’தான் நிற்கிறது. மென்பொருள் மொழியாக்கங்களில் புழங்கும் ‘புரவலன்’ இங்கே சரிவருமா?

நடப்பது இதுதான். யூஎஸ்பியின் இரண்டு தரவுக் கம்பிகளில் ஒன்றான டி-மைனஸின் மின்னழுத்தத்தை 1.5 கிலோ ஓம் மின்தடை மேலே இழுத்துப் பிடிக்கும். ‘வந்திருக்கிறேன்’ என்பதற்கு அதுவே அடையாளம். அதன்பிறகு சில்லு தானாக வாய் திறக்காது. கணினி கேட்டால் 18 பைட்டில் தன் விவரம் சொல்லும். கணினி முகவரி கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்.

*

> ‘புரவலன்’ இங்கே சரிவருமா?

தாராளமாக. புரத்தல் என்றால் காத்தல். 5 வோல்ட் கொடுத்துக் காப்பது கணினிதானே? டிவைஸையும் ‘இரவலன்’ என்றே சொல்லலாம். தொடக்கத்தில் 100 மில்லி ஆம்பியர்தான். கூடுதலாக வேண்டுமென்றால் விவரத்தில் எழுதிக் கேட்க வேண்டும், யூஎஸ்பி 2.0இல் 500 வரை. சங்கப் பாட்டில் பாணன் நிற்கும் நிலை அப்படியே இருக்கிறது.

*

ஐயா, தனி மின்கலத்தில் ஓடும் கருவி எதை இரக்கிறது? எனக்கு ‘விருந்தோம்பி’ பிடித்திருக்கிறது. விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்றுதான் முதற்பொருள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் புதிதாகச் செருகப்படுவது விருந்து, ஏற்பவர் விருந்தோம்பி. ஓம்பலும் காத்தல்தான், ஆகவே புரவலனின் பொருளும் கைவிட்டுப் போகாது.

*

வகுப்பெடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். கணினி பலகையைக் கண்டுகொள்ளாதபோது மாணவர்கள் உடனே சில்லிலிருந்து எதையாவது அனுப்பப் பார்க்கிறார்கள். கேட்காமல் அனுப்ப முடியாது என்பது மனதில் பதிவதில்லை. காப்பதும் ஓம்புவதும் அதைக் கற்பிக்காது. ‘வினவி’ என்று வைத்தால் சொல்லிலேயே பாடம் இருக்கிறது.

*

> ‘வினவி’ என்று வைத்தால்

வினையெச்சமாகவும் படிக்கலாமே, அம்மா. ‘வினவி முகவரி தந்தது’ என்றால் வினவிவிட்டுத் தந்ததா, வினவி என்பது தந்ததா?

*

ஸ்க்ரூடிரைவரைச் சொல்லும் ‘திருகி’யும் எச்சம்தான், ஐயா. ‘திருகியை எடு’ என்றால் யாரும் குழம்புவதில்லை. வேற்றுமை உருபு வந்தால் பெயர் தெளிந்துவிடும்.

*

உருபு வராத எழுவாய்தானே சிக்கல்? பாடத்தில் பாதி வாக்கியங்களுக்குக் கணினிதான் எழுவாய்.

*

எல்லோருக்கும் நன்றி. மூன்று பேர் புரவலன், ஒருவர் விருந்தோம்பி, ஒருவர் வினவி. நேரமில்லை, புரவலன் என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் ‘ஹோஸ்ட்’ என்றும் சேர்த்திருக்கிறேன். இரவலன் வேண்டாம், கருவியே இருக்கட்டும். ‘புரவலன் கேட்காமல் கருவி பேசாது’ என்ற வரியைத் தனியாகக் கட்டம்கட்டிப் போட்டுவிட்டேன்.

*

கட்டத்துக்கு நன்றி. ஆனாலும் ஒப்பவில்லை. செல்பேசியையே ஹோஸ்ட் ஆக்கும் ஓடிஜி கம்பியைச் செருகினால் அது கேட்கும், கணினியில் செருகினால் அதே செல்பேசி பதில் சொல்லும். அப்போது மின்னோட்டம் யார் கொடுத்தாலும், கேட்பவர் யார் என்பதே கேள்வி. என் வகுப்பில் நாளை ‘வினவி’ என்றுதான் எழுதப் போகிறேன்.