நம்ம குடும்பம் (புது குரூப்)

மாலை 6:40

சுமதி அக்கா: அம்மா இப்பதான் போன் பண்ணாங்க. ரெட்டை வட சங்கிலிய காணோமாம்

சுமதி அக்கா: யாரு எடுத்திருப்பான்னு கேட்டா "இந்த வீட்ல வேற யாரு இருக்கா"ங்கறாங்க

பாபு: ஐயையோ

குமார் அண்ணன்: இத குரூப்ல போடணுமா சுமதி

சுமதி அக்கா: நான் யார் பேரையும் சொல்லலையே. அம்மா சொன்னத சொன்னேன். பத்து நிமிஷம் தெளிவா பேசினாங்க. ஹரிணி பரீட்சை வரைக்கும் விசாரிச்சாங்க. நீங்கதான் மறதி மறதிங்கறீங்க

குமார் அண்ணன்: எந்த பரீட்சை

சுமதி அக்கா: பத்தாவது

நித்யா: அத்தை, ஹரிணி காலேஜே முடிச்சாச்சு

பாபு: 😬

சரோ சித்தி: எது அந்த எங்கம்மா போட்டிருந்த சங்கிலியா? அது எனக்குன்னு சொல்லி வெச்சதாச்சே

பாபு: சித்தி இப்ப வேண்டாமே

சரோ சித்தி: சும்மா சொன்னேன்பா

பாஸ்கர் மாமா: எல்லாரும் பொறுமையா படிங்க. மூளையில ஹிப்போகாம்பஸ்னு ஒரு பகுதி இருக்கு. புதுசா நடக்கறத பதிஞ்சு வைக்கறது அதோட வேலை. அல்சைமர்ங்கற மறதி நோய்ல பெரும்பாலும் முதல்ல அடி வாங்கறது அந்தப் பக்கம்தான். அதனால என் அக்காவுக்கு, அதான் உங்கம்மாவுக்கு, பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்தவ பேரு இன்னும் ஞாபகம் இருக்கும், காலைல சங்கிலியக் கழட்டினது இருக்காது. மறந்துபோச்சுன்னு கூட சொல்ல முடியாது, பதிஞ்சாத்தானே மறக்க. வெச்சதே தெரியாதப்ப அவங்க கணக்குல யாரோ எடுத்திருக்கணும். யாரு நாள் பூரா பக்கத்துல இருக்காங்களோ அவங்க தலையில விழும். தொடர்ச்சி அனுப்பறேன்

பாபு: இடைவேளை

பாஸ்கர் மாமா: 1906ல அலாய்ஸ் அல்சைமர்ங்கற ஜெர்மன் டாக்டர் முதல்முதலா விவரிச்சது அகுஸ்டே டேட்டர்ங்கற அம்மாவப் பத்தி. அந்தம்மாவ 51 வயசுல, 1901ல ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. ஆரம்ப அறிகுறியே புருஷன் மேல சந்தேகம். அப்புறம்தான் மறதி வெளிய தெரிஞ்சது. அதனால இந்தத் திருட்டுப் பட்டம் கட்டறது நோயோட வேலை, அக்காவோட குணம் இல்ல. போன்ல தெளிவா பேசறதும் அப்படித்தான். வெளியாள்கிட்ட, தூரத்துல இருக்கற பிள்ளைகிட்ட ஒரு பத்து நிமிஷம் தம் கட்டிப் பேசிடுவாங்க. வெச்ச பிறகு கூட இருக்கறவங்களத்தான் கேக்கணும்

பெரியப்பா: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

பாபு: பெரியப்பா மணி ஏழு, சாயங்காலம்

பெரியப்பா: பலமுறை பகிரப்பட்டது: ஞாபக மறதி நோய் ஒரே மாதத்தில் முற்றிலும் குணம்! டாக்டர்கள் மறைக்கும் ரகசியம்!!

நித்யா: பெரிய தாத்தா, இத முழுசா குணமாக்க மருந்து இன்னும் கிடையாது. பாட்டிக்குக் குடுக்கற டோனிபெசில் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்ளோதான்

பாபு: அமெரிக்கால புது ஊசி வந்துருக்குன்னு படிச்சேனே

நித்யா: லெகானிமேப். 2023ல முழு அனுமதி குடுத்தாங்க. ஆரம்ப கட்டத்துல இருக்கறவங்களுக்கு மட்டும். வேகத்தக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. மூளைல வீக்கம், ரத்தக்கசிவு வரலாம்னு அடிக்கடி ஸ்கேன் வேற. பாட்டி அந்தக் கட்டம் தாண்டியாச்சு சித்தப்பா

சுமதி அக்கா: பி12 குறைஞ்சாலும் இப்படி வரும்னாங்களே. அதெல்லாம் பாத்தீங்களா

குமார் அண்ணன்: பி12, தைராய்டு, ஸ்கேன் எல்லாம் போன வருஷமே பாத்தாச்சு. ரிப்போர்ட் பழைய குரூப்ல போட்டேன்

பாபு: அதுலதான் அக்கா லெஃப்ட் ஆயிட்டாளே

சுமதி அக்கா: அத ஏன் இப்ப கிளறுற

குமார் அண்ணன்: மறதி டெஸ்ட்ல கடிகாரம் வரையச் சொன்னாங்க. 12 நம்பரும் ஒரு பக்கமா எழுதிட்டு, மீதி இடம் ஏன் காலியா இருக்குன்னு டாக்டரையே கேட்டாங்க

இரவு 7:25

கலா அண்ணி: 📷 படம்

கலா அண்ணி: சங்கிலி கிடைச்சிருச்சு. கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்தது. கூடு தலகாணி உறைக்குள்ள

சுமதி அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கலா அண்ணி: பரவால்ல சுமதி, படிச்சிட்டேன்

பாபு: அண்ணி 🙏

கலா அண்ணி: போன வாரம் பர்ஸ், அதுக்கு முன்னாடி பல் செட். நான் எடுக்கலன்னு சொன்னா இன்னும் கோவம் வருது. இப்பல்லாம் வாங்கத்தை ரெண்டு பேரும் தேடுவோம்னு கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு அலமாரியா திறக்கறேன். பாதில எதத் தேடறோம்னே மறந்துட்டு, "பாவம் நீ, எவ்ளோ வேலை பாக்கற, யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ"ன்னு கேக்கறாங்க

பாஸ்கர் மாமா: அதுதான்மா சரியான முறை

கலா அண்ணி: முறை எல்லாம் சரி மாமா. ராத்திரி மூணு தடவ எந்திரிக்கறேன். வீட்டுக்குப் போகணும்னு வாசக் கதவப் புடிச்சு இழுக்கறாங்க. இதுதான் உங்க வீடுன்னா நம்பல

நித்யா: அம்மா, அதையும் சொல்லு

கலா அண்ணி: வேண்டாம்

நித்யா: நான் சொல்றேன். அம்மாவுக்கு அடுத்த மாசம் 12ம் தேதி ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன். ஏற்கனவே ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு. கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்கக் கூடாது. பாட்டியக் கட்டில்லேர்ந்து தூக்கி உக்கார வைக்கறது யாரு?

சுமதி அக்கா: என்கிட்ட யாருமே சொல்லலையே

குமார் அண்ணன்: சொல்ற மாதிரியா இருந்தது

பாபு: ஆள் போட்டுக்கலாம், பணம் நான் அனுப்பறேன்

குமார் அண்ணன்: அப்பா படுத்தப்பவும் நீ பணம்தான் அனுப்பின

பாபு: அண்ணா

சரோ சித்தி: என்ன ஆபரேஷன்? குமாருக்கா?

பாபு: சித்தி காது மெஷின மாட்டுங்க

சரோ சித்தி: படிக்கறதுக்கு எதுக்குடா காது

பாஸ்கர் மாமா: சிரிக்காதீங்க. 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட குழு 14 காரணங்கள் சொல்லிருக்காங்க, எல்லாத்தையும் கவனிச்சா உலகத்துல டிமென்ஷியா, அதான் இந்த மாதிரி மறதி நோய்ங்க, கிட்டத்தட்ட 45 சதவீதம் வராம தடுக்கலாம் இல்ல தள்ளிப் போடலாம்னு. காது கேக்காததும் அதுல ஒண்ணு. பிபி, சுகர், தனிமை எல்லாம் இருக்கு. சரோஜா, மெஷின டப்பாலயே வெச்சிருக்க

சரோ சித்தி: அது கொய்ங்னு கத்துது

சுமதி அக்கா: அம்மாவ இங்க கூட்டிட்டு வரட்டுமா

பாஸ்கர் மாமா: இடம் மாத்தினா குழப்பம் அதிகமாகும். பாத்ரூம் எந்தப் பக்கம்னே தெரியாது. நீ அங்க போறது உத்தமம்

சுமதி அக்கா: எனக்கு லீவு கேக்கணும் மாமா. இவர்கிட்டயும் பேசணும்

நித்யா: உலக சுகாதார நிறுவனக் கணக்குல, டிமென்ஷியா உள்ளவங்களக் கவனிக்கற நேரத்துல 70 சதவீதம் பெண்களோடது. சும்மா சொல்லி வைக்கறேன் அப்பா, சித்தப்பா

பாபு: புரியுது 🙈

கலா அண்ணி: இன்னொண்ணு. செவ்வாய்க்கிழமைலேர்ந்து ரூம் மூலைல குழந்தைங்க நிக்குதுங்கறாங்க. பகல் பூரா அசந்து கிடக்கறாங்க. முன்னாடி இப்படி இல்ல

பாஸ்கர் மாமா: திடீர்னா? இந்த நோய் மாசக்கணக்குல இறங்கும், ரெண்டு நாள்ல இப்படி சரியாது. லூயி பாடின்னு டிமென்ஷியால ஒரு வகை, அதுல உருவங்க தெரியும், ஆனா அதுக்கு முன்னாடி சிறுநீர்த் தொற்று, தண்ணி சரியா குடிக்காதது, மலச்சிக்கல், புது மாத்திரை இதெல்லாம் பாக்கணும். வயசானவங்களுக்கு சிறுநீர்த் தொற்றுல காய்ச்சலே இல்லாம குழப்பம் மட்டும் வரலாம். புது மாத்திரை ஏதாவது?

குமார் அண்ணன்: தூங்கறதுக்கு ஒண்ணு. மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன்

நித்யா: அப்பா!!! எது? போட்டோ போடு

குமார் அண்ணன்: 📷 படம்

நித்யா: இது பழைய அலர்ஜி மாத்திரை வகை. வயசானவங்களுக்குக் குழப்பத்த ஏத்திவிடும். டோனிபெசில் ஒரு பக்கம் இழுத்தா இது எதிர்ப்பக்கம் இழுக்கும்

கலா அண்ணி: என்கிட்ட சொல்லவே இல்ல

குமார் அண்ணன்: நீ ரெண்டு மணி நேரமாவது தூங்கட்டும்னுதான்

பாஸ்கர் மாமா: இன்னிக்கு ராத்திரி அத நிறுத்தி வை. இப்பவே டாக்டருக்குப் போன் பண்ணி மாத்திரை பேரச் சொல்லு. யூரின் டெஸ்ட் நாளைக்கே

குமார் அண்ணன்: சரி மாமா

இரவு 9:10

சுமதி அக்கா: அண்ணி, 10ம் தேதி வந்துடறேன். 18 வரைக்கும் இருக்க முடியும்னு நினைக்கறேன். இன்னும் உறுதி இல்ல

கலா அண்ணி: 18க்கு அப்புறம்?

சுமதி அக்கா: பாபு?

பாபு: டிக்கெட் பாக்கறேன். ஞாயித்துக்கிழமை கால்ல பேசலாமா

குமார் அண்ணன்: எத்தன மணி

பாபு: அங்க ராத்திரின்னாதான் எனக்கு முடியும்

சுமதி அக்கா: அம்மா சாயங்காலம் ஆனாலே படபடப்பாயிடறாங்களே, ராத்திரி எப்படிப் பேசறது. காலைல வை

பாபு: காலைலன்னா எனக்கு நடுராத்திரி

பெரியப்பா: யாருக்கு ஆபரேஷன்?

பாபு: மேல போய்ப் படிங்க பெரியப்பா