ஜூலியோடு முதியோர் இல்லத்துக்கு

எங்கள் ஜூலி ஐந்து வயது லாப்ரடார். அங்கிருப்பவர்கள் தடவிக் கொஞ்சி மகிழட்டும் என்று மாதம் ஒரு சனிக்கிழமை தாம்பரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு அதை அழைத்துப் போகிறேன். "நாய் சாதுவா இருந்தா போதும்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. எவ்வளவு சாதுவான நாயும் பினாயில் வாடைக்கும், முதியவர்கள் பிடித்து நடக்கும் வாக்கர் தரையில் தட்டும் சத்தத்துக்கும் மிரளக்கூடும். அதனால் பழைய வாக்கர் ஒன்றை வாங்கிக் கூடத்தில் போட்டு வைத்தோம். முதலில் சும்மா கிடந்தது, அப்புறம் மெல்ல நகர்த்தினோம். கிட்டே போய் மோந்து பார்த்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. அது பழகிய பிறகே இல்லத்துக்குள் கால் வைத்தோம்.

போவதற்கு முந்தின நாள் குளிப்பாட்டி, நகத்தை வெட்டி அரத்தால் தேய்த்துவிடுவேன். முதியவர்களின் தோல் மெலிந்தது, லேசாகக் கீறினாலே கிழியும். காதுமடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி தேட வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அட்டை கையிலேயே இருக்கும். பச்சை இறைச்சி கொடுப்பதே இல்லை, அதிலிருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி நாய் வழியாக அங்கிருப்பவர்களுக்குப் போகலாம். "விடு" என்றால் எதையும் வாயிலிருந்து விடவும் பழக்கியிருக்கிறேன். கட்டிலடியில் மாத்திரை விழுந்து கிடக்கும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

உள்ளே போனதும் என் கண் ஜூலி மேலேயே இருக்கும். தூக்கம் வராதபோதும் விடும் கொட்டாவி, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணோரம் வெள்ளை தெரிவது: இதில் ஒன்று வந்தாலும் அது சங்கடப்படுகிறது என்று அர்த்தம், அதற்கு ஓய்வு வேண்டும். போன மாதம் ஒரு பாட்டி ஆசையாகக் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஜூலி முகத்தைத் திருப்பி உதட்டை நக்கியது. "பாட்டி, அதுக்குத் தாகமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வரட்டும்" என்றேன். "போய்க் குடி தாயி" என்று விட்டுவிட்டார். குடித்த பிறகு கயிற்றைத் தளர்த்திப் பிடித்தேன். ஜூலி வாசல் பக்கம் நடந்தது. அன்றைக்கு அத்தோடு கிளம்பிவிட்டோம். பாட்டிக்கு வருத்தம்தான், ஆனாலும் அது நாயின் முடிவு.

இதைப் படித்துவிட்டுக் கோவையிலிருந்து ஒருவர் எழுதியது:

அருமை அம்மா. நாங்கள் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போகிறோம், எங்களுடையது நாட்டு நாய். இப்படி நாய்களை அழைத்துப்போய் நோயாளிகளையும் முதியவர்களையும் மகிழ்விக்கும் 'டாக்டர் டாக்' திட்டத்தை 1991-இல் ஹாங்காங்கில் விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன் தொடங்கினார்; பின்னர் சென்னையின் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸும் அதை நடத்தியது. இதற்கு உயர்சாதி நாய்தான் வேண்டும் என்பதில்லை, குணம்தான் முக்கியம்.

பிள்ளைகள் முடியைக் கொத்தாகப் பிடிப்பார்கள். வீட்டிலேயே லேசாக இழுத்து, உடனே தின்னக் கொடுத்துப் பழக்கினோம். பயப்படும் பிள்ளைகள் யார் என்று டீச்சரிடம் முன்பே கேட்டுக்கொள்வோம், அவர்கள் பக்கம் போவதில்லை.

வெயில் நாளில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயை நடத்தாதீர்கள், வண்டியிலேயே வாசல் வரை கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் தண்ணீர் வைத்துத் தூங்க விடுங்கள். அன்று வீட்டுக்கு விருந்தாளி வேண்டாம்.