கரையில ஒதுங்குன தாழைக்குள்ள (கடல்புல்லு) என்ன பார்த்தீங்க?

வேதாளைப் பொண்ணு:
கச்சான் காத்து அடிச்சா எங்க வேதாளை ஊர்ல தென்கடல் பக்கம் தாழை எப்படிக் குவியும்னு தெரியும்ல. அப்படி ஒரு ராத்திரி அம்மா காயப்போட்ட மரிக்கொழுந்துப் பாசிச் சாக்கை எடுக்கப் போனோம். செல்போன் லைட்டை அடிச்சுக்கிட்டு ஒரு கொத்துத் தாழையைப் புரட்டினேன். கீழ இருந்த மணலே எந்திரிச்சுக் குதிக்குது! கால், கை, பாவாடை எல்லாம் படபடன்னு. ஒண்ணு உள்ளங்கையில ஒருக்களிச்சுக் கிடந்துச்சு. அரிசி மணி அளவுதான், ரெண்டு பக்கமும் அமுக்கிவிட்ட உடம்பு, லைட்டு அதுக்குள்ள ஊடுருவித் தெரியுது. கடிக்கல. இப்பவும் நினைச்சா காலு கூசுது.

பாம்பன் வடகடல்:
பூச்சின்னு யாராவது சொல்ல வந்துருவாங்க தங்கச்சி. அது இறால், நண்டு ஜாதி. வாலை வயித்துக்கடியில மடக்கிப் படக்குனு விரிச்சுத் தாவும். பகல்ல ஈரமணல்ல பொதைஞ்சு கிடந்து ராத்திரி மேய வரும். பொட்டை முட்டையை வயித்துப் பையிலயே சுமக்கும், நானே பார்த்திருக்கேன்.

கீழக்கரை சபராளி:
காக்கா (அண்ணே), குதிக்கிறது மட்டுமா இருக்கு? கப்பல் வேலையில ஸ்காட்லாந்துல இறங்குனப்போ குளிர்ல விரல் மரத்துப்போச்சு. கரையில அழுகுன பெரும்பாசி இடுப்புயரம். உள்ள கையை விட்டா வெதுவெதுன்னு சூடு! வெள்ளை வெள்ளையாப் புழு நெளியுது. மண்புழுவுக்குச் சொந்தமாம், உறைபனியிலயும் சாகாதாம். பக்கத்துப் பாறைக்குட்டையில நீலச்சாம்பல் நிறத்துல பொடிசா ஒரு கூட்டம், தண்ணி மேலயே நடக்குது. விரலால அமுக்கினேன். உள்ள போய்ட்டு நனையாம மேல வந்துச்சு! உடம்பு மயிருல காத்துப் பிடிச்சு வச்சிருக்கு.

பாம்பன் வடகடல்:
தங்கச்சி சொன்னது வேதாளை, நீங்க ஸ்காட்லாந்து போய்ட்டீங்க. நம்ம வெயிலுக்கு மேல் தாழை மொறமொறன்னு காஞ்சுரும். அடித்தாழை ஈரத்துலதான் எல்லாம் உசுரோட கிடக்கும்.

தோப்புக்காரர்:
நானும் குதிக்கிறதைப் பார்த்திருக்கேன். அதை விடுங்க. தாழையைச் சும்மா விடாதீங்க, தென்னைக்கு அருமையான உரம். அள்ளினதும் போடக்கூடாது, உப்பு இருக்கும். ரெண்டு மழை நனையவிட்டு, சாணியோட அடுக்கி மக்கவிட்டு, தூரை விட்டு மூணடி தள்ளி வட்டமா வெட்டிப் போடணும். மொத்தத்தையும் வழிச்சு அள்ளாதீங்க, உள்ளான் குருவி கொத்தித் திங்கிறது அந்தக் குதிக்கிறதைத்தான். ப்ளாஸ்டிக், வலைத்துண்டு எல்லாம் பொறுக்கிருங்க. வண்டிக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க.

வேதாளைப் பொண்ணு:
அண்ணே, எங்களுக்குத் தென்னையே இல்ல.