டிஸ்க் சாண்டருக்கு மைட்டர் கேஜ்: வாங்கியதும் செய்ததும்

பழைய டிஸ்க் சாண்டர் ஒன்று கைக்கு வந்தது. உப்புத்தாள் ஒட்டிய தட்டு சுழன்று மரத்தைத் தேய்க்கும் இயந்திரம் அது. 250 மி.மீ. தட்டு, வார்ப்பு அலுமினிய மேசை, மோட்டாரும் குறை சொல்ல முடியாதது. மேசையின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், ஓடி மரத்தை வேண்டிய கோணத்தில் பிடிக்கும் மைட்டர் கேஜ் மட்டும் காணாமல் போயிருந்தது. தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று அலட்சியமாக இருந்தேன். வந்த கேஜில், காடிக்குள் ஓடும் பட்டை 6 நூல் அகலம் (8 நூல் ஓர் அங்குலம்). மேசை ரம்பங்களில் பெரும்பாலும் இருக்கும் அளவு அது. என் மேசையின் காடியோ 5 நூல்தான்.

அடுத்த முறை வெர்னியரால் அளந்தே வாங்கினேன். அப்போதும் பட்டை பாதியில் நின்றுவிட்டது. வார்ப்பு மேசையில் காடியின் பக்கங்கள் செங்குத்தாக இருப்பதில்லை. அச்சிலிருந்து கழன்று வருவதற்காகச் சற்றே சரிவாக வைத்திருப்பார்கள். வாயில் 15.9 மி.மீ., அடியில் 15.5. நான் அளந்தது வாயை மட்டும். சரி, அரம் இருக்கிறதே என்று தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று வழுக்கிக்கொண்டு இறங்கியது, கூடவே ஆடவும் தொடங்கியது.

அரை மி.மீ. ஆட்டம்தானே என்று ஓர் எண்கோணச் சட்டம் செய்யப் போனேன். காடிக்குள் இருக்கும் பட்டையின் நீளம் 120 மி.மீ. என்றால், அந்த அரை மி.மீ. கிட்டத்தட்ட கால் பாகைச் சாய்வு. எண்கோணத்துக்கு 16 முனைகள். நாம் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் அழுத்துகிறோம். அதனால் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை, கூடிக்கொண்டே போகின்றன. 4 பாகை! 60 மி.மீ. அகலச் சட்டத்தின் கடைசி மூலை 4 மி.மீ.க்கு மேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

பட்டையின் பக்கவாட்டில் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் வரிசையாகக் குழிகள் அடித்தேன். குழியைச் சுற்றி உலோகம் மேடிட்டு ஆட்டத்தை அடைத்துக்கொள்கிறது. இறுகிய இடத்தில் மட்டும் நைசு அரத்தால் இரண்டு இழுப்பு. இப்போதைக்கு ஓடுகிறது.

* * *

மேலே எழுதியவருக்கு, நான் வேறொருவன். குழி அடிப்பது வார்ப்பிரும்பு மேசைக்குச் சரி. அலுமினிய மேசையில் அந்த மேடுகளே நாளடைவில் காடியை அரித்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது, அதன் பிறகே கேஜை முழுதாகச் செய்ய உட்கார்ந்தேன்.

முதலில் கடின மரத்தில் பட்டை இழைத்தேன். மெழுகு தடவியதும் வெண்ணெய் போல ஓடியது. மழைக்காலம் வந்தது, மரம் ஊதிக் காடியிலேயே இறுகிவிட்டது. பிறகு தடித்த பிளாஸ்டிக் வெட்டும் பலகையிலிருந்து ஒரு பட்டை அறுத்தேன். அது ஈரத்துக்கு அசைவதில்லை. அடி விளிம்புகள் இரண்டையும் லேசாகச் சீவிவிடுங்கள். காடியின் மூலையில் தூள் அடைந்து பட்டையைத் தூக்கிவிடுவது பெரிய தொல்லை.

பட்டையின் மேல் உட்கார்ந்து மரத்தைத் தாங்கும் தலைக்கு 18 மி.மீ. பிளைவுட். வளைந்த துளை வெட்டிக் கோணமானி ஒட்டும் வேலைக்கு நான் போகவில்லை. எனக்கு வேண்டியவை மூன்று கோணங்கள்தான், மூன்றிலும் தலையை ஆணி செருகி நிறுத்தத் துளை போட்டுவிட்டேன். கோணங்களைச் செங்கோண முக்கோணம் வரைந்து எடுத்தேன்: 22.5 பாகைக்கு 100 மி.மீ. நீளத்துக்கு 41.4 மி.மீ. உயரம், 30 பாகைக்கு 57.7, 45க்கு இரண்டும் சமம். ஸ்கேலால் வரைந்த முக்கோணம், சின்னக் கோணமானியின் கோடுகளைவிட நம்பகமானது என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. தலையின் செங்கோணத்தைப் பட்டையோடு மூலைமட்டம் வைத்துப் பார்க்காதீர்கள். தேய்ப்பது தட்டு, மட்டத்தையும் தட்டோடுதான் வைக்க வேண்டும். அதன் பிறகு ஒரு துண்டின் முனையைத் தேய்த்து, நீளவாக்கில் நடுவே அறுத்து, ஒரு பாதியைப் புரட்டி, தேய்த்த முனைகளைச் சேர்த்து ஒரு நேர்விளிம்பில் சாத்துங்கள். முனைகளுக்கு நடுவே தெரியும் சந்து உண்மைப் பிழையின் இரு மடங்கு. கண்ணுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

* * *

நான் மூன்றாமவன். கேஜே வேண்டாம் என்று மேசையில் ஒரு கட்டையைச் சாய்வாகக் கிளாம்ப் போட்டு வேலை செய்தவன் நான். கோணம் பிசகவில்லை. ஆனால் கட்டை நகராததால் மரம் தட்டின் ஒரே வளையத்தில் உரசுகிறது. பத்து நிமிடத்தில் உப்புத்தாளில் கருப்பு வளையம், மரத்தில் கருகல் வாடை. காடியில் ஓடும் கேஜ் இருந்தால் மரத்தை அசைத்துக்கொண்டே தேய்க்கலாம். தட்டு கீழ்நோக்கிச் சுற்றும் பாதியில் மட்டும்தான், மறு பாதி மரத்தைத் தூக்கி எறியும்.

* * *

பழைய சாண்டரைப் பற்றி முதலில் எழுதியவன்தான் மறுபடி. தட்டோடு மட்டம் வையுங்கள் என்றதைப் படித்துவிட்டு இன்று பிளக்கைப் பிடுங்கினேன். தட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். கேஜில் ஓர் ஆணியைக் கட்டி, அதன் நுனி புள்ளியைத் தொடும்படி இடது ஓரத்தில் நிறுத்தினேன். பிறகு தட்டைக் கையால் திருப்பி அதே புள்ளியை வலது ஓரத்துக்குக் கொண்டுவந்து, கேஜையும் அங்கே தள்ளினேன். ஆணிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை நுழைந்தது. காடி தட்டுக்கு இணையாகவே இல்லை. மேசையின் அடியில் 4 போல்ட்டுகள். தளர்த்தி, தட்டி, மறுபடி முடுக்கினேன். இத்தனை நாள் கேஜைத் திட்டியதில் பாதி மேசைக்குச் சேர வேண்டியது.